ஒரு பை துண்டுத்துணி, நான்கு வகைப் போர்வை: சிங்கப்பூர் வீட்டுக்கு எது தோது?

ரவிக்கைப் பிட்டில் மிஞ்சிய கால் மீட்டர், சுரிதார் வெட்டியதில் ஒரு முழம், கழுத்து நைந்த பாத்தேக் சட்டை, முந்தானை கிழிந்த சுங்குடிச் சேலை. இப்படி ஒரு பை நிறைந்ததும் ஒட்டுப்போர்வை (குவில்ட்) தைக்கலாமே என்று தோன்றும். உடனே எழும் கேள்வி, எந்த டிசைன் என்பது. அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரில் முதலில் கேட்க வேண்டியது வேறு: தைத்து முடித்ததைத் துவைத்து எங்கே காயப்போடப் போகிறீர்கள்?

குவில்ட் தைக்கச் சொல்லித்தரும் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்தவை. நடுவில் தடித்த பஞ்சு, வீட்டில் பெரிய டிரையர், வறண்ட காற்று. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பெரும்பாலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் துணி காய்வது சமையலறைப் பக்கத்துக் கழியில்தான். டிசம்பர், ஜனவரி அடைமழையில் அந்தக் கழியும் வீட்டுக்குள் வந்துவிடும். பஞ்சு வைத்த போர்வை ஒரு பகலில் காயவில்லை என்றால் மறுநாள் ஈர வாடை அடிக்கும். அப்படியே மடித்து அலமாரியில் வைத்தால் கரும்புள்ளி விழும். பூஞ்சைப் புள்ளி பருத்தியில் விழுந்தால் முழுதாகப் போகாது.

ஆகவே அடுக்கும் எடையும் முதலில், அழகு பிறகு. கையில் இருக்கும் துண்டுகளை வைத்து நான்கு வழிகளில் போர்வை ஆக்கலாம்: பஞ்சில்லாத இரண்டடுக்கு, நடுவில் பஞ்சு வைத்த மூன்றடுக்கு, பிசிர் ஓரப் போர்வை, கையாலேயே தைக்கும் கவந்தி. நான்கையும் ஒரே அளவில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பொது அளவு

சதுரம் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ரவிக்கை வெட்டிய மிச்சத்தில் இதைவிடப் பெரிய சதுரம் கிடைப்பது அரிது. இதைவிடச் சிறியதாக வெட்டினால் தையல் கூடி, போர்வை தடித்து, துணியில் அதிகப் பங்கு தையல் ஓரத்துக்குள்ளேயே போய்விடும். போர்வை அளவு 54 × 72 அங்குலம், அதாவது ஏறக்குறைய 137 × 183 செமீ. இங்கே பல வீடுகளில் இருக்கும் 'சூப்பர் சிங்கிள்' மெத்தை 107 × 190 செமீ. அதன் மேல் விரித்தால் இருபக்கமும் 15 செமீ தொங்கும். ஒருவர் போர்த்திக்கொள்ள இது போதும். குவீன் மெத்தை முழுவதையும் மூடுகிற அளவுக்குத் தைக்க ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை: அந்த அளவை விரித்துச் சேஃப்டி பின் குத்துவதற்கே வரவேற்பறைச் சாமான்களை எல்லாம் நகர்த்த வேண்டியிருக்கும்.

எடைக் கணக்குக்குச் சதுர மீட்டருக்கு 145 கிராம் வரும் சாதாரணப் பருத்தியை எடுத்துக்கொள்கிறோம். மிஷினில் சுழற்றி எடுத்த பிறகும் பருத்தி தன் எடையில் பாதிக்குக் குறையாமல் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். காய வேண்டியது அந்தத் தண்ணீர்தான்.

முதலில் பையைக் கொட்டிப் பிரியுங்கள்

எந்த வழியானாலும் இந்த வேலை தப்பாது. பருத்தி எது, பாலியஸ்டர் எது என்று தொட்டுப்பார்த்துச் சொல்வது கடினம். தேக்காவில் 'காட்டன்' என்று வாங்கிய பிட்டிலும் கலப்பு இருக்கும். சந்தேகமுள்ள துணியிலிருந்து ஒரு செமீ நூலை இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாடையும் தொட்டால் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான கருமணியாக நின்றால் பாலியஸ்டர். முடி கருகும் வாடை என்றால் பட்டு. உருகவும் செய்து சாம்பலும் விட்டால் கலப்பு; பள்ளிச் சீருடைத் துணியில் இது சகஜம்.

பிரிப்பதற்குக் காரணம் சுருக்கம். பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் சலவைக்குப் பின் பாலியஸ்டர் சதுரங்கள் மட்டும் கொப்புளம் போல் எழும்பி நிற்கும். அயர்ன் பெட்டியால் அதைச் சரிசெய்ய முடியாது.

சாயமும் பார்க்க வேண்டும். கருஞ்சிவப்பு, மெரூன், கருநீலம், கையால் சாயமிட்ட பாத்தேக், சுங்குடி இவற்றில் ஒவ்வொன்றையும் நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து, சூடான அயர்ன் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக அலசுங்கள். மூன்று அலசலுக்குப் பிறகும் நிறம் விட்டால் அதைப் பையிலேயே போட்டுவிடுவது நல்லது. கல்லுப்பு, வினிகர் போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள்; இன்றைய சாயங்களுக்கு அதை நம்பி முழுப் போர்வையையும் பணயம் வைக்க வேண்டாம்.

துவைத்த பிறகே சதுரம் வெட்டுங்கள். வெட்டிய சதுரங்களை மிஷினில் போட்டால் நாலு பக்கமும் நூல் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னி, கத்தரியால் பிரிக்கும் நிலைக்கு வரும். ஏற்கெனவே வெட்டிக் கிடப்பவை என்றால் வலைப்பையில் போட்டுக் கையால் அலசி, நிழலில் விரித்துக் காயவிட்டு, லேசாகக் கஞ்சி தெளித்து அயர்ன் செய்யுங்கள்.

வெட்டும்போது சதுரத்தின் ஓரம் துணியின் கரைக்கு இணையாக இருக்கட்டும். ரவிக்கை மிச்சங்கள் கைக்குழிக்கும் கழுத்துக்கும் வளைத்து வெட்டியவை. கிடைத்த மூலையில் சதுரத்தை வைத்து வெட்டினால் கிராஸ் (நெசவுக்குச் சாய்வாக) விழும். கிராஸாக விழுந்த ஓரம் தைக்கும்போது இழுபடும், வரிசை வளையும். கத்தரியைவிட ரோட்டரி கட்டரும் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) அளவுகோலும் வெட்டுப்பாயும் இருந்தால் வேலை பாதி. இவையும் போர்வையின் நடுவில் விரிப்பாக வைக்கும் பேட்டிங் பஞ்சும் பிளாசா சிங்கப்பூராவிலுள்ள ஸ்பாட்லைட்டில் கிடைக்கும். பின்துணி வாங்க அராப் ஸ்திரீட், சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் மாடிக் கடைகள், சிராங்கூன் சாலை. பின்துணிக்குச் சேலையே இருந்தால் கடைக்குப் போகவே வேண்டாம்.

பஞ்சில்லாத இரண்டடுக்கு

மேலே ஒட்டுத்துணி, கீழே ஒரே பின்துணி, நடுவில் ஒன்றுமில்லை. தூளிக்கும் குழந்தையைக் கிடத்தவும் பழைய வேட்டியையும் சேலையையும் அடுக்கித் தைத்த நம் வீட்டு வழக்கத்துக்கு இதுவே நெருக்கம். சிங்கப்பூருக்கு எங்கள் முதல் பரிந்துரையும் இதுதான்.

கால் அங்குலத் தையல் ஓரம் விட்டால் 5 அங்குலச் சதுரம் நாலரை அங்குலமாக நிற்கும். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 16, மொத்தம் 192 சதுரங்கள். மேல்துணி 450 கிராம், பின்துணி 365 கிராம், ஓரப்பட்டியையும் சேர்த்து 900 கிராமுக்குள் அடங்கும். பின்துணிக்கு மெல்லிய பருத்திச் சேலை போட்டால் இன்னும் 100 கிராமுக்கு மேல் குறையும். ஐந்தரை மீட்டர் சேலையில் 2.05 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் பின்துணி ஆயிற்று. மீதியில் ஓரப்பட்டிக்கும் துணி கிடைக்கும். சேலையை முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வரும் இடத்தில் இழை தளர்ந்திருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்குங்கள். ஓரப்பட்டிக்கு நைந்த துணி கூடவே கூடாது, போர்வையில் முதலில் தேய்வது அதுதான். இரண்டரை அங்குல அகலத்தில் 7 பட்டிகளை வெட்டி இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து வைத்துக்கொண்டால் சுற்றளவு 252 அங்குலத்துக்கும் மூலைத் திருப்பத்துக்கும் சரியாக வரும்.

சதுரங்களை இணைக்கும்போது பெரும்பாலானோர் சறுக்கும் இடம் தையல் ஓரத்தின் அளவு. ஒவ்வொரு துண்டிலும் வெறும் 1 மிமீ கூடுதலாகத் தையலுக்குள் போனால், 12 சதுர வரிசையின் 11 தையலில் 22 மிமீ காணாமல் போகும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் சேரவே சேராது. மிஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மறைக்கும் டேப்பை ஒட்டிவிட்டு, துணியின் ஓரம் அதை உரசியபடி போகுமாறு தையுங்கள். ஊசி 80/12, தையல் நீளம் 2 முதல் 2.5 மிமீ. கைத்தறி போல் நெசவு தளர்ந்த துணி என்றால் அரை அங்குலத்தில் முக்கால் பங்கு, அதாவது 9.5 மிமீ ஓரம் விடுங்கள். அப்போது சதுரம் நாலேகால் அங்குலமாக நிற்கும். 13 × 17 என்று 221 சதுரங்கள் வேண்டும். நடுவில் பஞ்சு இல்லாததால் உள்ளே ஓரங்கள் ஒன்றையொன்று உரசிப் பிசிர் விடும். அதற்குத்தான் இந்தக் கூடுதல்.

ஒரு வரிசையின் தையல் ஓரங்களை இடப்பக்கமும் அடுத்த வரிசையினதை வலப்பக்கமும் மடித்து அயர்ன் செய்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது மேடும் பள்ளமும் கவ்விக்கொண்டு மூலைகள் நேராக உட்காரும். ஆனால் பஞ்சில்லாத போர்வையில் இதற்கு ஒரு விலை உண்டு. கருநீலத் துணியின் ஓரம் வெள்ளைச் சதுரத்தின் அடியில் மடிந்தால் வெளியே நிழலாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் கருநீல ஓரத்தை 2 மிமீ குறைத்துக் கத்தரித்துவிட்டால் நிழல் மங்கும்.

இரண்டு அடுக்கையும் பிணைக்காமல் சுற்றிலும் மட்டும் தைத்து விட்டுவிடுவது இந்த வகையில் நடக்கும் பெரிய தவறு. இரண்டாவது சலவையில் பின்துணி பை போல் தொங்கும். சதுரங்கள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் எம்பிராய்டரி நூலால் முடிச்சுப் போட்டால் 165 முடிச்சு. தொலைக்காட்சி பார்த்தபடியே இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். முடிச்சு பருத்தி நூலில் இருக்கட்டும், வழுவழுப்பான பாலியஸ்டர் நூல் தானே அவிழும். நுனியை 2 செமீ விட்டு வெட்டுங்கள். பிடித்து இழுக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் முடிச்சைப் பின்பக்கம் போடுவது நல்லது. முடிச்சு பிடிக்காதவர்கள் சதுரத்தின் மூலையிலிருந்து மூலைக்கு மிஷினில் நேர்கோடு ஓட்டலாம்.

குறை என்ன? ஏர்கானை 20 டிகிரியில் வைத்துத் தூங்குபவருக்கு இது பற்றாது. தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லும் 25 டிகிரியில் வைப்பவருக்கும், மின்விசிறியோடு நிறுத்திக்கொள்பவருக்கும் கச்சிதம்.

நடுவில் பஞ்சு வைத்த மூன்றடுக்கு

குவில்ட் என்றதும் மனத்தில் வருகிற படம் இதுதான். மேல்துணிக்கு அதே 192 சதுரங்கள், ஆனால் எடை 1.2 கிலோவைத் தொடும். கனத்தைவிட நடுவிலுள்ள பஞ்சு பிடித்துவைக்கும் காற்றுதான் இங்கே பிரச்சினை. அது நம்மையும் புழுங்க வைக்கும், துவைத்தால் காய்வதையும் தாமதப்படுத்தும்.

எந்தப் பஞ்சு என்பதில் முடிவு மாறும். பருத்தி பேட்டிங் வியர்வையை உறிஞ்சும், படிந்து கிடக்கும், மெதுவாகக் காயும். பாலியஸ்டர் பேட்டிங் சீக்கிரம் காயும், எடையும் குறைவு. ஆனால் வியர்வையை இழுக்காது, இரவில் பிசுபிசுக்கும். காய்வதை மட்டும் பார்த்து பாலியஸ்டர் வாங்கியவர்கள் போர்வையைச் சோபா மேல் அழகுக்குப் போட்டு வைத்திருப்பார்கள். மூன்றாவது ஒன்று உண்டு: பேட்டிங்குக்குப் பதில் ஒரு அடுக்குப் பருத்தி ஃபிளானல் (மேற்பரப்பு மெத்தென்றிருக்கும் துணி). எடையில் பேட்டிங்குக்குக் கிட்டத்தட்ட சமம், பருமனில் பாதிகூட வராது. அதனால் விரித்துப்போட்டால் நன்றாகக் காயும். ஏர்கான் அறைக்குக் கதகதப்பும் வேண்டும், டிரையரும் இல்லை என்பவருக்கு இதுவே வழி. ஃபிளானல் மற்றப் பருத்தியைவிட அதிகம் சுருங்கும் என்பதால் வைப்பதற்கு முன் சூடான தண்ணீரில் ஒருமுறை துவைத்துவிடுங்கள்.

மெத்தைக்கு அடைக்கும் இலவம்பஞ்சையோ தலையணைப் பஞ்சையோ வீட்டில் கிடக்கிறதே என்று வைக்காதீர்கள். உதிரிப் பஞ்சு முதல் சலவையிலேயே மூலைக்கு மூலை உருண்டை திரண்டுவிடும்.

பேட்டிங் உறையில் 'இத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல்' என்று போட்டிருக்கும். இழைகளை ஒன்றோடொன்று பிணைத்த வகைக்கு 8 முதல் 10 அங்குலம் வரை விடலாம், பிணைப்பில்லாத பருத்திக்கு 3, 4 அங்குலம்தான். அதை மீறினால் பஞ்சு உள்ளே கிழிந்து நகரும்.

மூன்று அடுக்கையும் விரிப்பதற்கு வீவக வீட்டின் டைல்ஸ் தரை கொடுத்துவைத்தது. பின்துணியை நல்ல பக்கம் கீழாகப் போட்டு, சுருக்கமில்லாமல், அதே நேரம் இழுத்து நீட்டாமல், ஓரங்களை டேப்பால் தரையில் ஒட்டுங்கள். மேலே பஞ்சு, அதற்கு மேல் ஒட்டுத்துணி. பின்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் 3, 4 அங்குலம் கூடுதலாக வெளியே நிற்க வேண்டும். கையகலத்துக்கு ஒன்று, அதாவது 4 அங்குலத்துக்கு ஒன்று என்று சேஃப்டி பின் குத்தினால் 240 பின் ஆகும். கையில் 80 பின்தான் இருக்கிறது என்று தூரம் தூரமாகக் குத்தினால் பின்பக்கம் மடிப்பு விழும். தைத்து முடித்த பிறகே அது கண்ணில் படும்.

அடுத்தது மிஷின். வீட்டு மிஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே பெரும்பாலும் 6, 7 அங்குல இடம்தான் உண்டு. நடுவரிசையைத் தைக்கும்போது பாதிப் போர்வை, 27 அங்குலம், அதற்குள் சுருட்டி நுழைய வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண ஃபுட்டில் மேலடுக்கு பின்தங்கி, கீழடுக்கு முன்னே ஓடும். மேலடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இல்லாமல் மூன்றடுக்கைத் தைப்பது வீண் மல்லுக்கட்டு. ஊசி 90/14, தையல் நீளம் 3 முதல் 3.5 மிமீ, நடுவிலிருந்து வெளிப்பக்கம்.

இடமே பிரச்சினை என்றால் இதே மூன்றடுக்கைக் கட்டம் கட்டமாகத் தைத்து முடித்துவிட்டுப் பிறகு இணைக்கலாம். சதுரங்களை 3 × 3 சேர்த்தால் 14 அங்குலக் கட்டம். பஞ்சும் பின்துணியும் 15 அங்குலம் வெட்டி அடியில் வைத்து, அந்தக் கட்டத்தை மட்டும் தைத்து முடித்து, பதின்மூன்றரை அங்குலத்துக்குச் சீராக்குங்கள். தைக்கும்போது துணி உள்வாங்கும் என்பதால் இந்தக் கழிவு தேவை. ஓரச் சதுரங்கள் கால் அங்குலம் சிறுக்கும், உற்றுப்பார்த்தால் ஒழியத் தெரியாது. 4 × 5 என்று 20 கட்டங்களுக்கு 180 சதுரங்கள். இணைக்க முன்பக்கத்துக்கு 1 அங்குலப் பட்டி, பின்பக்கத்துக்கு ஒன்றேமுக்கால் அங்குலப் பட்டியை இரண்டாக மடித்தது. முதல் கட்டத்தின் ஒரே ஓரத்தில், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, இரண்டையும் ஒரே தையலில் பிடியுங்கள். முன்பட்டியின் மறு ஓரத்தை அடுத்த கட்டத்தோடு தையுங்கள். இரு கட்டங்களின் பஞ்சும் பட்டிக்கு அடியில் முட்டி நிற்கும். பின்பட்டி தையலைத் தாண்டி எட்டில் ஒரு அங்குலம் மூடும். அதைக் கையால் ஹெம்மிங் செய்துவிடுங்கள். முன்பட்டி 1 அங்குலத்துக்கு மேல் போனால் நடுவில் பஞ்சில்லாத வாய்க்கால் விழும், குறைந்தால் பஞ்சு ஏறி மேடு தட்டும்.

கட்டம் கட்டமாகத் தைத்து இணைப்பதற்கு இந்த ஊரிலேயே பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1942இல் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்துவைத்த பெண்கள், ஆளுக்கொரு சதுரமாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் 66 சதுரங்களாக மூன்று குவில்ட்களை இணைத்தார்கள். இடமும் துணியும் இல்லாத நிலையில் பலர் சேர்ந்து ஒரு போர்வை தைக்க வேறு வழியும் இருந்திருக்காது. இன்றும் சமூக மன்றத்திலோ உறவுக்காரப் பெண்களோ பத்துப்பேர் சேர்ந்து தைப்பதென்றால் இந்த முறைதான் சரிப்படும். ஒரே நிபந்தனை, எல்லாருடைய கட்டத்தையும் ஒரே ஆள் அளந்து சீராக்க வேண்டும்.

பிசிர் ஓரப் போர்வை

தையல் ஓரங்களை உள்ளே மறைக்காமல் வெளியே விட்டு, கத்தரித்து, சலவையில் பிசிர் பிசிராக மலரவிடும் வகை. புதிதாகத் தைப்பவர்களுக்கு எளிது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். கணக்குப் பார்த்தால் அப்படித் தோன்றாது. இதற்கு அரை அங்குல ஓரம் தேவை, ஆக 5 அங்குலச் சதுரம் 4 அங்குலமாகச் சுருங்கும். 14 × 18 என்று 252 இடங்கள்; முன்னும் பின்னும் சேர்த்து 504 சதுரங்கள். நடுவில் மூன்றேகால் முதல் மூன்றேமுக்கால் அங்குல ஃபிளானல் வைத்தால் மொத்த எடை 1.5 கிலோவை ஒட்டி வரும். ஒவ்வொன்றிலும் குறுக்குத் தையல் போட்டு, வரிசைகளையும் இணைக்க 130 மீட்டரை ஒட்டித் தைக்க வேண்டும். இரண்டடுக்குக்குக் குறுக்குத் தையலோடு சேர்த்தும் 85 மீட்டர்தான். பிறகு ஓரங்களை அங்குலத்துக்கு மூன்று வெட்டு என்று கத்தரிக்க ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வெட்டு. ஸ்பிரிங் வைத்த கத்தரி இல்லாமல் இறங்கினால் மணிக்கட்டு வீங்கும். கத்தரி தையல்மேல் பட்டால் அந்த இடத்தில் ஓட்டைதான்.

சலவையில் இன்னொரு தலைவலி. முதல் இரண்டு மூன்று முறை நூல்பஞ்சு கொத்துக் கொத்தாக உதிர்ந்து வாஷிங் மிஷின் வடிகட்டியை அடைக்கும். தனியாகத் துவைத்து, ஒவ்வொரு முறையும் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். சன்னலுக்கு வெளியே பிடித்து உதறினால் கீழ்வீட்டுக்காரரோடு உறவு கெடும்.

இதற்கு ஏற்ற துணி ஒன்று உண்டு, பழைய ஜீன்ஸ். முன்பக்கம் டெனிம், பின்பக்கம் பருத்தி, நடுவில் ஒன்றும் வேண்டாம், ஊசி 100/16. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் புல்மேல் விரிக்கவும் காரின் பின்பெட்டியில் கிடக்கவும் இதுபோல் வராது. சதுரத்தை 7 அங்குலமாவது வைத்தால் வெட்டும் தையலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். போர்த்திக்கொள்ள இதைத் தைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கவந்தி

கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் போர்வை. சதுரங்களை முதலில் இணைப்பது என்ற வேலையே இதில் கிடையாது. பழைய சேலையைப் பின்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் மடித்த துண்டை அதன்மேல் வைத்து ஓட்டுத்தையல் போட வேண்டியது. அடுத்த துண்டு முந்தையதன்மேல் சிறிது ஏறி உட்காரும். சுற்றிச்சுற்றி உள்நோக்கி வந்து நடுவில் முடியும். மூலைகளில் துணியை மடித்து 'பூலா' என்ற பூவிதழ் வைப்பது அவர்கள் வழக்கம்.

மிஷின் வேண்டாம், மேஜை வேண்டாம், சதுரமாகக்கூட வெட்ட வேண்டாம். கைக்குழி வளைவாகக் கிடக்கும் துண்டுக்கும், மற்ற வகைகளில் சேர்க்க முடியாத பட்டுப் பாவாடை மிச்சத்துக்கும் இங்கே இடம் உண்டு. நெருக்கமான தையல் ஒவ்வொரு துண்டையும் பிடித்துக்கொள்ளும். சரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்: உடம்பில் குத்தும், பிளாஸ்டிக் சரிகை அயர்ன் சூட்டில் சுருளும். எடை 900 கிராம் அளவில் நிற்கும். மெல்லியது, சட்டென்று காயும்.

விலை நேரம்தான். வரிக்கு வரி 1 செமீ இடைவெளி விட்டால் நம் பொது அளவுக்கு 250 மீட்டர் கைத்தையல். ஆகவே முதல் முறை 36 × 45 அங்குலத்தோடு நிறுத்துங்கள், அதற்கே 100 மீட்டருக்கு மேல் ஆகும். பருத்தி நூலை இரட்டையாகக் கோத்து, 5 மிமீ அளவில் தையல் போடுங்கள். நூலை இறுக்கி இழுத்தால் போர்வை முழுவதும் சுருங்கி ஓரம் அலை அலையாகும். ஒவ்வொரு வரி முடிந்ததும் கட்டை விரலால் நீவிவிட்டு அப்புறம் முடிச்சுப் போடுங்கள். கை இறுக்கம் இருக்கத்தான் செய்யும் என்பதால் பின்துணியை எல்லாப் பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வைத்துத் தொடங்குவது நல்லது. இந்தச் சின்ன அளவைப் பிறந்த குழந்தைக்குப் பரிசாகக் கொடுப்பதானால், விளையாட்டு விரிப்பு என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை தூங்கும்போது தளர்ந்த போர்வை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

யாருக்கு எது

மிஷின் இருக்கிறது, டிரையர் இல்லை, போர்த்திக்கொள்ளத்தான் வேண்டும்: இரண்டடுக்கு, முடிச்சுப் போட்டது. இதில் தயக்கமே வேண்டாம். அறையை நன்றாகக் குளிரவைத்துத் தூங்குபவர் என்றால் அதே போர்வையின் நடுவில் ஃபிளானல். பேட்டிங் வைத்த முழுக் குவில்ட், வீட்டில் டிரையர் இருப்பவருக்கும், குளிர்நாட்டில் படிக்கப் போகும் பிள்ளைக்கு அனுப்புபவருக்கும். பையில் பாதிக்குமேல் பட்டும் கலப்புத் துணியும்தான் என்றால் கவந்தி அல்லது ஒன்றுமே இல்லை. அவற்றைப் பருத்தியோடு மிஷினில் சேர்த்துத் தைத்து வருந்தியவர்கள் நிறைய. துணி பற்றாக்குறை என்றால், 192 சதுரங்களுக்கு 120தான் தேறுகிறது என்றால், வெள்ளையோ மங்கிய மஞ்சளோ ஒரே நிறத்தில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கி இடையிடையே வையுங்கள். 44 அங்குல அகலத் துணியில் வரிசைக்கு 8 சதுரம், 72 சதுரத்துக்கு 9 வரிசை, 45 அங்குல நீளம். பல நிறத் துண்டுகளுக்கு இடையே கண்ணுக்கும் அது ஓய்வு தரும்.

டிசைன் கேள்விக்கு இப்போது வரலாம். சதுரங்களைத் தரையில் பரப்பி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எல்லாமே ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், நிறம் எத்தனை இருந்தாலும் போர்வை மந்தமாகத்தான் இருக்கும். வெளிர், நடுத்தரம், அடர் மூன்றும் பரவலாகத் தெரியும்வரை மாற்றி வைத்து, பிறகு ஒவ்வொரு வரிசையின் முதல் சதுரத்திலும் எண் எழுதிய தாளைக் குத்துங்கள். குத்தாமல் அள்ளி வைத்தால் மறுநாள் மறுபடியும் தரையில்தான்.

மீதித் துணியை வெட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் தேர்ந்த முறையில், அதே அடுக்குகளோடு, ஒன்பது சதுரத்துக்கு ஒரு மாதிரி தைத்து, வழக்கமான துணியோடு துவைத்து, வழக்கமான கழியில் காலையில் போடுங்கள். மாலை விளக்கேற்றும் நேரத்தில் அதைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஓர் அடுக்கைக் குறைத்துவிடுங்கள். மாதிரி வீணாகாது, ஓரம் அடித்தால் சூடான சட்டி இறக்க உதவும். பாலியஸ்டர் கலந்த மாதிரியை மட்டும் அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், உருகிக் கையில் ஒட்டும்.